தராசைத் திருப்பி வையுங்கள்

பலகையில் முந்திரித் தொழிற்சாலை என்று எழுதியிருந்தாலும் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் எங்களுக்கு அது அண்டி ஆபீஸ்தான். 11 வருடம் பருப்பின் மேலுள்ள மெல்லிய தொலியை உரித்துவிட்டு மேற்பார்வைக்கு வந்தவள் நான். புதிதாகப் பொறுப்பேற்கும் பெண்கள், “யாரும் மனம்விட்டுப் பேச மாட்டேன் என்கிறார்கள் அக்கா” என்று என்னிடம் வருத்தப்படுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தராசைக் கவனியுங்கள். தொலி உரிப்பவருக்குக் கிலோக் கணக்கில் கூலி. எடை உங்கள் பக்கம் மட்டும் தெரிந்தால் எதிரே நிற்பவர் மனதில் சந்தேகம் தங்கிவிடும். தராசை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். எடையை வாய்விட்டுச் சொல்லி, அவர் பார்க்க அவருடைய சீட்டிலும் உங்கள் பேரேட்டிலும் எழுதுங்கள். 50 கிராம் சந்தேகம் தீராமல் எத்தனை கூட்டம் போட்டாலும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது, கேட்கும் விதம். இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஓர் ஆனி மாதம், மழை விடவே இல்லை. உடைந்த பருப்பு நாளுக்கு நாள் கூடியது. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை நிற்கும் முழுப்பருப்பைத்தான் 320 தரம் என்கிறோம். அது பிளந்துபோனால் விலை இறங்கிவிடும். “கையைப் பார்த்துச் செய்யுங்கள்” என்று மூன்று வாரம் எல்லாரையும் கடிந்துகொண்டே இருந்தேன்.

ஒரு சாயங்காலம், வயதில் மூத்த ஓர் அக்காவின் அருகே பலகை போட்டு உட்கார்ந்து நானும் கத்தியை எடுத்தேன். தொலி பருப்பை விட்டு வர மறுத்தது. கத்தி நுனியால் லேசாகச் சுரண்டினேன். பருப்பு கைக்குள்ளேயே இரண்டாகப் பிளந்தது. “போர்மாவில் சூடு போதவில்லை மக்ளே. முதல் நாளே தெரியும்” என்றார். தொலி கழன்று வருவதற்காகப் பருப்பைச் சூட்டில் உலர்த்தும் அறைதான் போர்மா. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ எங்கள் கையைப் பற்றித்தானே பேசினாய். பருப்பைப் பற்றிக் கேட்கவில்லையே.”

அன்று முதல் “குறை ஏதும் உண்டா?” என்று நான் கேட்பதில்லை. அதற்கு “ஒன்றுமில்லை” என்ற பதில்தான் வரும். “இன்றைக்குத் தொலி எப்படி வருகிறது? எந்தத் தட்டு மோசம்?” என்று கேளுங்கள். உட்கார்ந்து கேளுங்கள், நின்றுகொண்டு கேட்டால் அது சோதனை போடுவது போலத் தெரியும்.

குறை சொன்னவரின் பெயரை மேலே கொண்டுபோகாதீர்கள். “என் பகுதியில் இப்படி இருக்கிறது” என்று உங்கள் பொறுப்பில் சொல்லுங்கள். சரியான யோசனை என்றால் பெயரைச் சொல்லியே தீர வேண்டும். போர்மா பார்க்கிறவரிடம் அந்த அக்காவையே அழைத்துப்போய் பேச வைத்தேன்.

கூலி உயர்வு போல உங்கள் கையில் இல்லாததைக் கேட்டால் “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். “வெள்ளிக்கிழமை முதலாளியிடம் கேட்கிறேன், சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது பதில் சொல்கிறேன்” என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். பதில் ‘இல்லை’ என்றாலும் அந்த நாளில் போய்ச் சொல்லுங்கள், காரணத்தோடு.

தீபாவளி நேரத்தில் சரக்கு அவசரமாகப் போக வேண்டியிருக்கும். மாலை நான்கு மணிக்கு வந்து “இன்றைக்கு இருந்து முடித்துவிட்டுப் போங்கள்” என்பது அநியாயம். பள்ளி விட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் எப்படிப் போவது என்று அவர்களுக்கு ஆயிரம் கணக்கு உண்டு. முந்தின நாள் மத்தியானச் சோற்று நேரத்திலேயே, எத்தனை கிலோ பாக்கி, எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிடுங்கள். முடியாதவர் முடியாது என்று சொல்லட்டும். அதற்காக மறுநாள் முகம் சுளிக்காதீர்கள். இருந்து முடித்தவர்களின் கூடுதல் கூலியை அந்தச் சனிக்கிழமையே, சீட்டில் தனி வரியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.