படிச்சது ஏன் நிக்க மாட்டேங்குது? நினைவு விஷயத்தில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் என்ன படம் இருக்கிறது? பர்ஸைத் திறக்காமல் சொல்லுங்கள். 2018இல் வந்த சாக்லேட் நிற நோட்டைத்தான் கேட்கிறேன். பஸ்ஸில், டீக்கடையில், காய்கறிக்காரம்மாவிடம் என்று ஆயிரம் தடவையாவது அது நம் கையில் வந்து போயிருக்கும். ஆனாலும் ட்யூஷனில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிலர் செங்கோட்டை என்பார்கள் (அது 500 ரூபாய்), சிலர் ஹம்பி கல் தேர் என்பார்கள் (அது 50). பத்தில் இருப்பது கோனார்க் சூரியக் கோயில்.

1979இல் அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதையே ஒரு சென்ட் நாணயத்தை வைத்துச் செய்து பார்த்தார்கள். வெற்று வட்டத்தைக் கொடுத்து, உள்ளே இருப்பதை வரையச் சொன்னார்கள். நாணயத்தின் இரு பக்கமும் சேர்த்து எட்டு அம்சங்கள். பிறந்தது முதல் அந்தக் காசைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கே, சரியான இடத்தில் சரியாக வந்தது சுமார் மூன்றுதான்.

பல வருஷமாக ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிப்ரவரி பிறந்தால் வீட்டுக்கு வரும் பெற்றோர் அத்தனை பேரும் சொல்வது ஒன்றுதான்: "நாள் முழுக்க புஸ்தகமும் கையுமாத்தான் இருக்கான் மிஸ், ஆனா எதுவும் நிக்க மாட்டேங்குது." பையன் சோம்பேறி இல்லை. பத்து ரூபாய் நோட்டைப் பார்க்கிற மாதிரி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

"நாலு தடவை ரிவிஷன் முடிச்சிட்டேன் மிஸ்"

போன வருஷம் ஒரு மாணவியின் விலங்கியல் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். டி.என்.ஏ. இரட்டிப்பாதல் பாடத்தில் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மூன்று நிற ஹைலைட்டர். ஒரு பக்கத்தில் கோடு போடாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாலாவது முறை படித்து முடித்திருந்தாள். புத்தகத்தை மூடி என் மேசை மேல் வைத்துவிட்டு, "இந்தப் பாடத்தில் வருகிற நொதிகளின் பேரை மட்டும் சொல்லு" என்றேன். டி.என்.ஏ. பாலிமரேஸ் வந்தது. அப்புறம் ஒரு நீண்ட அமைதி. "தெரியும் மிஸ், அந்தப் பக்கத்துல இடது பக்கம் கீழ இருக்கும்" என்றாள். எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. என்ன இருக்கிறது என்பதுதான் வரவில்லை.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. கண் தடங்கலில்லாமல் ஓடுகிறது. அந்தச் சரளத்தை மூளை "இது எனக்குத் தெரியும்" என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது. தெருவில் ஒருவரைப் பார்த்ததும் "இவரைத் தெரியுமே" என்று தோன்றும், பேர் மட்டும் வராது அல்லவா? அடையாளம் காண்பது வேறு, நினைவிலிருந்து எடுப்பது வேறு. பரீட்சை கேட்பது இரண்டாவதை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனையை நான் ஒவ்வொரு வருஷமும் போர்டில் எழுதிக் காட்டுவேன். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரே சுற்றுதான் படித்தது. மிச்ச மூன்று சுற்றிலும் எதையும் பார்க்காமல், நினைவில் இருந்ததைத் தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுதான் முந்தியது: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தே தீர்த்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டதற்கு, அதிக நம்பிக்கையோடு இருந்தது நான்கு சுற்றுப் படித்த குழுதான்.

ஆகவே ஹைலைட்டரை மூடி வையுங்கள். ஒரு தலைப்பைப் படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு, ரஃப் நோட்டில் ஞாபகம் இருப்பதை எழுதுங்கள், அல்லது அம்மாவிடம் சொல்லுங்கள். திக்கும், திணறும், கோபம் வரும். அந்தத் திணறலைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு உடனே புத்தகத்தைத் திருப்பிவிடுவதுதான் பிள்ளைகள் செய்யும் அடுத்த தவறு. மூளையின் நரம்புச் செல்களான நியூரான்களுக்கு இடையே இருக்கும் சினாப்ஸ் என்ற இணைப்புகள், பயன்படுத்தப் பயன்படுத்த வலுப்பெறும். முயலின் மூளையில் இதை அளந்து காட்டி பிளிஸ், லோமோ என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் கட்டுரை வெளியிட்டார்கள். கடல் நத்தை ஒன்றை வைத்து இதன் வேதியியலைப் பிரித்துக் காட்டிய எரிக் காண்டலுக்கு 2000இல் நோபல் கிடைத்தது. திணறி எடுப்பதும் பயன்படுத்துவதுதான்.

எப்போது எடுத்துப் பார்ப்பது என்பதற்கும் பழைய விடை ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் எபிங்காஸ் என்ற உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, தானே அளந்து 1885இல் புத்தகமாகப் போட்டார். மறுபடி மனப்பாடம் செய்ய ஆகும் உழைப்பில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதே அவர் அளவுகோல். ஒரு மணி நேரத்திலேயே மிச்சம் பாதிக்குக் கீழே போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. அதாவது மறதி முதல் நாளில்தான் பாய்ந்து வருகிறது, பிறகு தளர்ந்து நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட, அதையே நாளைக்கு ஒன்றாக ஐந்து நாளுக்குப் பிரித்தால் அதிகம் தங்கும்.

நடுவில் ஒரு கேள்வி. பத்து ரூபாய் நோட்டில் இருக்கும் கோயில் எது? மேலே போய்ப் பார்க்காதீர்கள்.

"புரிஞ்சிடுச்சு மிஸ், கணக்கு போட்டுப் பாக்கத் தேவையில்ல"

நினைவு என்பது ஒரே பீரோ, எல்லாமே அதற்குள் போகிறது என்ற எண்ணத்தை உடைத்தவர் ஹென்றி மோலைசன். அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்தவர். தீராத வலிப்பு நோய். 1953இல், 27 வயதில், அறுவை மருத்துவர் ஸ்கோவில் அவர் மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸின் ஒரு பெரிய பகுதியை அகற்றினார். காதுக்கு நேர் உள்ளே, கடல் குதிரை போல வளைந்து கிடக்கும் உறுப்பு அது. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன் பிறகு புதிதாக எதுவுமே அவர் நினைவில் தங்கவில்லை. வருஷக்கணக்கில் தன்னைச் சோதித்த ஆராய்ச்சியாளர்களை ஒவ்வொரு முறையும் புது ஆளாகவே சந்தித்தார். 2008இல் இறக்கும்வரை அறிவியல் கட்டுரைகளில் அவர் பெயர் வெறும் எச்.எம். தான்.

அவரிடம் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். முயன்று பாருங்கள், கை எதிர்த்திசையில் இழுக்கும். மூன்று நாளில் மோலைசன் அதை அழகாகச் செய்தார். ஆனால் மூன்றாவது நாளும், இதற்கு முன் இதைச் செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. தலைக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருந்தது. சித்திரமும் கைப்பழக்கம் என்று நம் ஊரில் சொல்லி வைத்தது அப்படியே பொருந்துகிறது: கைப்பழக்கத்துக்கு ஹிப்போகேம்பஸ் வழி இல்லை, சிறுமூளையும் பெருமூளையின் அடியில் இருக்கும் வேறு பகுதிகளும் அதைக் கவனித்துக்கொள்கின்றன.

கைடில் போட்டிருக்கும் கணக்கை வரிவரியாகப் படித்து "புரிஞ்சிடுச்சு" என்று பக்கத்தைத் திருப்புகிற பிள்ளைக்கு இதைத்தான் சொல்வேன். யூடியூபில் நீச்சல் பார்த்துவிட்டுக் கிணற்றில் குதிப்பாயா?

"நைட்டு ஃபுல்லா முழிச்சிப் படிச்சா முடிச்சிடலாம்"

தூக்கம் என்பது மூளை வேலையை நிறுத்திவிட்டுப் படுப்பது என்று நினைக்கிறோம். 1924இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இரண்டு மாணவர்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்துப் பார்த்தார்கள். மனப்பாடம் செய்துவிட்டு விழித்திருந்த நேரத்தைவிட, தூங்கிய நேரத்தில் மறதி குறைவு. எழுபது வருஷம் கழித்து, 1994இல், வில்சனும் மெக்நாட்டனும் எலியின் ஹிப்போகேம்பஸில் நுண்ணிய கம்பிகளைப் பொருத்திப் பார்த்தபோது காரணம் கொஞ்சம் தெரிந்தது. பகலில் எலி ஓடியபோது சேர்ந்து துடித்த செல்கள், அது ஆழ்ந்து தூங்கியபோதும் சேர்ந்து துடித்தன. பகலில் நடந்த பாதையை மூளை இரவில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. ராத்திரி மூன்று மணிவரை விழித்திருந்து ஆறு பக்கம் கூடுதலாகப் படிக்கும் பிள்ளை, அன்றைக்குப் பகலில் படித்த அறுபது பக்கத்துக்கு நடக்க வேண்டிய இந்த வேலையைக் கெடுத்துக்கொள்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டீ போட்டுக் கொடுக்கும் அம்மாக்களுக்கும் இதில் பங்கு உண்டு.

போன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கவனம் படாதது நினைவுக்குள் போவதே இல்லை. பத்து ரூபாய் நோட்டு அதற்குச் சாட்சி. இரண்டு வேலையை ஒரே சமயத்தில் செய்கிறோம் என்பது பிரமை. கவனத்தைத் தேவைப்படுத்தும் இரண்டுக்கு நடுவே மூளை தாவித்தாவிப் போகிறது, ஒவ்வொரு தாவலுக்கும் நேரம் செலவாகிறது.

காசு கொடுத்து வாங்கும் தவறுகள்

மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், மிச்சம் தொண்ணூறை எங்கள் பயிற்சி திறந்துவிடும் என்று நோட்டீஸ் வந்தால் அதில் பஜ்ஜி வைத்துச் சாப்பிடுங்கள். உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் இந்த உறுப்பு, நாம் சும்மா இருக்கும்போதே உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்கிறது. தொண்ணூறு சதவீதம் சும்மா கிடக்கும் உறுப்புக்கு இவ்வளவு தீனியை எந்த உடலும் போடாது. பக்கவாதத்தில் புளியங்கொட்டை அளவு இடம் பாழானாலே பேச்சோ கையோ போவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று, மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன், அதாவது பிள்ளையின் நடுமூளையைத் திறந்துவிடுவதாகச் சொல்லும் பயிற்சி. சில வருஷங்களுக்கு முன் நம் ஊர்களில் கல்யாண மண்டபம் பிடித்து நடத்தினார்கள். பிள்ளைக்குக் கண்ணைக் கட்டுவார்கள். அது புத்தகத்தைப் படிக்கும், ரூபிக் க்யூபின் நிறத்தைச் சொல்லும். உறவினர் பிள்ளை ஒன்றுக்கும் இருபதாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். கண்ணைக் கட்டிய பிறகு அவன் தலையைச் சற்றே நிமிர்த்தி, அட்டையை மூக்குக்கு நேர் கீழே கொண்டுவருவதைக் கவனித்தேன். அட்டையை அவன் நெற்றிக்கு மேலே பிடித்தேன். "இன்னிக்கு வரல ஆன்ட்டி" என்றான். மூக்கின் இரு பக்கமும் துணி ஒட்டாது. அந்தச் சந்து போதும். மங்களூரின் நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் ஊர் ஊராகப் போய் இதைத்தான் மேடையில் காட்டினார்கள். நடுமூளை என்பது கண்ணசைவு, சத்தம் வந்த பக்கம் திரும்புவது, உடல் இயக்கம் போன்றவற்றைக் கவனிக்கும் சிறிய பகுதி. பிறந்த குழந்தைக்கும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் பழுதாகும் செல்கள் இருப்பது அங்கேதான். அதை யாரும் மண்டபத்தில் வைத்துத் திறந்துவிட முடியாது.

மோட்சார்ட்டின் இசையைக் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும் என்ற கதையும் இப்படித்தான். 1993இல் 36 கல்லூரி மாணவர்களிடம் நடந்த சோதனை. இட அமைப்பு சார்ந்த புதிர்களில் சின்ன முன்னேற்றம், அதுவும் கால் மணி நேரம்கூட நீடிக்காதது. குழந்தைகளை அதில் சோதிக்கவே இல்லை. ஆனால் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். பாட்டு கேட்கட்டும், நல்லதுதான். அறிவு வளரும் என்று காசு வாங்கினால் திருப்பிக் கேளுங்கள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு"

பெரியவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. நினைவு என்பது செல்போனில் எடுத்த வீடியோ இல்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் துண்டுகளைக் கூட்டி மறுபடி கட்டுகிறோம். இடைவெளியை ஊகத்தால் பூசுகிறோம். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் ஒரு கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் "மோதின" என்று சிலரிடமும் "நொறுங்க மோதின" என்று சிலரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "நொறுங்க" என்ற சொல்லைக் கேட்டவர்களில் 32 சதவீதம் பேர் பார்த்தோம் என்றார்கள், மற்றவர்களில் 14. படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

இரண்டு வருஷம் முன்பு என் மாணவி ஒருத்திக்கு எதிர்பார்த்ததைவிட எட்டு மார்க் குறைவாக வந்தது. "ஐந்து மார்க் கேள்வி எழுதினேன் மிஸ், படம்கூட வரைஞ்சேன், திருத்தினவங்க பாக்கல" என்று அழுதாள். எந்தப் பக்கத்தில், எந்தப் பென்சிலில் என்பதுவரை சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கினோம். கேள்வி எண்ணை எழுதி, அடிக்கோடிட்டு, முக்கால் பக்கம் காலியாக விட்டிருந்தாள். அப்புறம் வந்து எழுதலாம் என்று விட்ட இடம். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வரைஞ்சேன் மிஸ்" என்றாள், மெதுவாக.