மேக்குலாவில் துளை: விழித்திரை முழுவதையும் சோதித்துக்கொள்வது எப்படி?

நேர்கோடு வளைந்து தெரிவதும், எதிரில் நிற்பவரின் முகத்தில் நடுப்பகுதி மட்டும் மறைந்துபோவதும், விழித்திரையின் நடுவே கூர்மையான பார்வையைத் தரும் பகுதியான மேக்குலாவில் துளை விழுந்திருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் துளை உறுதியானதும் பேச்செல்லாம் அதன் அளவைப் பற்றியே நடக்கிறது. 400 மைக்ரானைத் தாண்டியது பெரிய துளை என்பதால் அளவும் முக்கியமே; ஆயினும் நோயாளி முதலில் கேட்க வேண்டியது, இந்தத் துளை எதனால் விழுந்தது என்பதையே. விழித்திரையின் மற்ற இடங்களில் எந்த வகைச் சிதைவைத் தேட வேண்டும் என்பதை அந்தக் காரணமே சொல்லும்.

ஆகவே, மருத்துவரிடம் செல்லுமுன் பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்துவையுங்கள். கண்ணில் எப்போதாவது பந்தோ கையோ பட்டதா, சூரியனையோ லேசர் ஒளியையோ உற்றுப் பார்த்ததுண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் மாலைக்கண் அல்லது விழித்திரை விலகல் இருந்ததா என்பவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் பட்ட அடியைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அறுபது வயதை ஒட்டியவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல் சுருங்கி மேக்குலாவை இழுப்பதால் துளை விழுகிறது. அதே இழுவிசை விழித்திரையின் ஓரத்தையும் கிழித்திருக்கலாம். அடிபட்டு விழும் துளை இளையவர்களிடம் அதிகம். அது சில மாதங்களில் தானாகவே மூடிக்கொள்வதுண்டு என்பதால் மருத்துவர் காத்திருக்கச் சொன்னால் அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்; ஆனால் ஒளியை உணரும் செல்கள் அடிபட்டபோதே சிதைந்திருந்தால், துளை மூடிய பின்னும் பார்வை முழுமையாகத் திரும்பாது. மிகுந்த கவனம் தேவைப்படுவது அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கே. அவர்களின் கண்விழி நீண்டு, விழித்திரையும் அதன் அடியிலுள்ள இரத்தநாளப் படலமும் மெலிந்து தேய்ந்திருக்கும்; ஓரங்களில் லாட்டிஸ் எனப்படும் மெலிந்த பட்டைகள் இருக்கலாம்; துளையிலிருந்தே விழித்திரை விலகத் தொடங்கவும் கூடும். அரிதாக, விழித்திரை மெல்லமெல்லச் சிதையும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா போன்ற பரம்பரை நோயிலும் துளை விழுகிறது. அங்கே சிதைவுதான் மூலநோய், துளை அதன் விளைவு.

மேக்குலாவை எடுக்கும் ஓசிடி படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மையப்பகுதியை மட்டுமே காட்டும். எனவே சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து, ஓரம்வரை இரண்டு கண்களையும் பார்க்கும்படி கேளுங்கள். பார்வை சில மணிநேரம் மங்கியிருக்கும் என்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. லாட்டிஸ் இருப்பதாலேயே எல்லோருக்கும் லேசர் சிகிச்சை தேவைப்படுவதில்லை. கிழிசல் இருந்தால் நிலைமை வேறு. துளையை மூடுவதற்காக விட்ரியஸ் ஜெல்லை அகற்றும் விட்ரெக்டமி அறுவை சிகிச்சையின்போதே ஓரத்தில் புதிய கிழிசல் விழ வாய்ப்புண்டு என்பதால், இந்தச் சோதனையை அறுவைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பினால், அது கரையும்வரை விமானப் பயணம் கூடாது.

வீட்டில், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளும் நடுவே ஒரு புள்ளியும் கொண்ட ஆம்ஸ்லர் கட்டத்தைப் படிக்கும் தூரத்தில் பிடித்து, படிக்கும் கண்ணாடியை அணிந்தபடி, ஒரு கண்ணை மூடி மற்றொன்றால் நடுப்புள்ளியைப் பார்த்து, கோடுகள் வளைந்தோ மறைந்தோ தெரிகின்றனவா எனக் கவனியுங்கள். நல்ல கண்ணையும் விடாமல் சோதியுங்கள். அதிலும் பின்னாளில் துளை விழலாம். திடீரென மின்னல் போன்ற ஒளியோ, கரும்புள்ளிகளின் கூட்டமோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோன்ற நிழலோ தெரிந்தால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றே விழித்திரை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.