திலாப்பியாவுக்குத் தீன் கலக்கும்போது விடும் பிழைகள்

வலிகாமத்து வளவுகளில் சீமெந்துத் தொட்டி கட்டித் திலாப்பியா விடுகிறவர்கள், நாலைந்து மாதம் போனதும் ஒரே முறைப்பாட்டோடு வருகிறார்கள். "மீன் நல்லாத் தின்னுது, ஆனா வளருதில்லை." தொட்டியைப் பார்த்தால் குறையில்லை, குஞ்சும் நல்ல இனம். தீன் சாக்கைத் திறந்தால்தான் காரணம் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் விட்ட அதே பிழைகள் அங்கே இருக்கும்.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைப் போடக்கூடாது, மிஞ்சிய தீன் தண்ணீரை நாறடிக்கும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை இங்கே எடுக்கவில்லை.

குளத்துக் கணக்கைத் தொட்டிக்குக் கொண்டுவருவது

இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் திலாப்பியாவுக்கு யாரும் தீன் போடுவதில்லை. பாசி, நுண்ணுயிர், அடியில் அழுகிய இலைதழை என்று குளமே சாப்பாடு போடுகிறது. வன்னியில் மண் குளம் வெட்டி வளர்ப்பவர் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மட்டும் போட்டு மீன் பிடித்தால், அதிலும் பாதி வேலையைப் பச்சைத் தண்ணீர் செய்திருக்கும். தவிட்டில் இல்லாத புரதமும் விற்றமினும் பாசியிலிருந்து வந்திருக்கும்.

சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரை இறைத்து நிரப்பிய தெளிந்த தொட்டியில் இது எதுவும் கிடையாது. நீங்கள் கையால் போடுவதுதான் மீனுக்குக் கிடைக்கும் முழுச் சாப்பாடு. ஆகவே தொட்டிக் கணக்கு வேறு. ஒரு கிராமுக்கு உட்பட்ட குஞ்சுக்கு 40 முதல் 45 வீதம் புரதம் வேண்டும். விரலளவு வந்ததும் 35 வீதம் அளவில் போதும். 50 கிராம் தாண்டிய மீனுக்கு 28 முதல் 32 வீதம். பச்சைத் தண்ணீர்க் குளமாக இருந்தால் கடைசிக் கட்டத்தில் 25 வீதத்தோடும் சமாளிக்கலாம்; தொட்டியில் சமாளிக்க முடியாது.

கருவாட்டுத் தூளை மீன் தூள் என்று எண்ணுவது

யாழ்ப்பாணத்தில் காசைக் கரைக்கும் முதலாவது பிழை இதுதான். எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. கடல் பக்கத்தில் இருக்கிறது, கருவாடு மலிவு, அரைத்தால் மீன் தூள் என்ற நினைப்பு. புத்தகத்தில் மீன் தூளுக்கு 60 வீதம் புரதம் என்று போட்டிருக்கும். அந்த 60 என்ற எண்ணை எடுத்து, கழிவுக் கருவாட்டின் தலையில் வைத்துக் கணக்குப் பார்த்துவிடுகிறார்கள்.

புத்தகத்தில் உள்ள மீன் தூள் என்பது உப்புப் போடாமல் அவித்து, பிழிந்து, காயவைத்து அரைத்தது. தீனுக்கென்று மலிவாக வருகிற கருவாடோ மனிதர் வாங்காமல் ஒதுக்கியது. உப்பில் ஊறியது, கடற்கரை மணலில் காய்ந்தது, பாதிக்கு மேல் தலையும் முள்ளும், நாட்பட்டு எண்ணெய் காறியது. உப்பு மட்டும் 15, 20 வீதம் இருப்பது சாதாரணம். மணலையும் ஈரத்தையும் கழித்தால் மிஞ்சும் புரதம் 30 வீதத்தை ஒட்டி நிற்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பலர் கலப்பது 40 கிலோ கருவாட்டுத் தூள், 40 கிலோ தவிடு, 20 கிலோ தேங்காய்ப் புண்ணாக்கு. கடதாசியில் தூளுக்கு 60, தவிட்டுக்கு 12, புண்ணாக்குக்கு 20 வீதம் என்று வைத்தால், 24 + 4.8 + 4 = 32.8 வீதம் வரும். பார்க்க நல்ல தீன். தூளில் உண்மையாக இருப்பது 32 வீதம் என்றால் 12.8 + 4.8 + 4 = 21.6 வீதம்தான். அது தொட்டி மீனுக்குப் பட்டினித் தீன். அதோடு, தூளில் 18 வீதம் உப்பு இருந்தால் அந்த 100 கிலோ தீனுக்குள் 7 கிலோவுக்கு மேல் உப்பு. 10 வீதம் மணல் இருந்தால் இன்னொரு 4 கிலோ மணல். நூறு கிலோவில் பதினொரு கிலோவை மீன் எந்த வகையிலும் சதையாக்க முடியாது.

திலாப்பியா உவர் நீரையே தாங்கும் மீன், அதனால் உப்பு அதை உடனே கொல்லாது. அதுதான் ஆபத்து. மீன் சாவதில்லை, தீனைத் தின்கிறது, ஆகவே தீனில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வயிறு மட்டும் கொழுத்து முதுகு மெலிந்து, ஆறு மாதத்தில் 300 கிராம் வரவேண்டியது 120 கிராமில் நிற்கும். ஒரு கிலோ மீனுக்கு 1.6 கிலோ தீன் போகவேண்டிய இடத்தில் மூன்று கிலோ போகும். உப்பு தொட்டித் தண்ணீரில் சேர்ந்து, அந்தத் தண்ணீரை இறைக்கும் வாழைக்கும் கத்தரிக்கும் போகும். காறிய எண்ணெய் தீனிலுள்ள விற்றமின் ஈயை அழித்து ஈரலைக் கெடுக்கும்.

மலிவு என்ற வாதமும் நிற்காது. நல்ல மீன் தூள் கிலோ 600 ரூபா, கருவாட்டுத் தூள் 400 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 60 வீதப் புரதமுள்ள தூளில் ஒரு கிலோ புரதத்தின் விலை 1000 ரூபா. 32 வீதமுள்ள தூளில் 1250 ரூபா. விலையை எப்போதும் மூட்டைக்கல்ல, உள்ளே இருக்கும் புரதத்துக்குப் பாருங்கள்.

வாங்குமுன் சோதிப்பது கடினமல்ல. தூளில் 100 கிராமை மழைத் தண்ணீர் அல்லது வடித்த தண்ணீர் 1 லீற்றரில் போட்டுக் கலக்கி, அரை மணி நேரம் விட்டுத் துணியால் வடியுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும். இறால் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் உப்புமானியில் ஒரு துளி விட்டுப் பார்த்தால், ஆயிரத்துக்கு எத்தனை என்று காட்டும் எண்தான் ஏறத்தாழ உங்கள் தூளின் உப்பு வீதம். மீனிலிருந்து கரைவதும் சற்றுச் சேர்ந்து காட்டும் என்பதால் நாலைந்து வரை பயமில்லை. பத்தைத் தாண்டினால் வாங்காதீர்கள். மணலுக்கு, இன்னொரு 100 கிராமைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி மேலே மிதப்பதை ஊற்றிவிடுங்கள். அரிசியில் கல் அரிக்கிற அதே கைவேலைதான். அடியில் தங்குவதைக் காயவைத்து நிறுங்கள்.

பகுப்பாய்வுக் கூடத்துக்குக் கொடுக்கிறவர்கள் புரதத்தை மட்டும் கேட்டு வாங்குவதும் போதாது. கூடத்தில் அளப்பது நைதரசனை. அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஆகவே 100 கிலோ தூளுக்கு ஒரு கிலோ யூரியா கலந்தால் அறிக்கையில் புரதம் கிட்டத்தட்ட 3 வீதம் கூடித் தெரியும். மீனுக்கு அதில் ஒன்றுமில்லை. சந்தேகம் இருந்தால், தூளோடு பச்சைச் சோயா மா ஒரு கரண்டி சேர்த்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, போத்தலில் மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். பச்சைச் சோயாவிலுள்ள நொதியம் யூரியாவை உடைத்துவிடும். மூடியைத் திறந்ததும் அமோனியா மூக்கில் குத்தினால் அந்த வியாபாரியை விடுங்கள். கூடத்தில் புரதத்தோடு ஈரம், உப்பு, அமிலத்தில் கரையாத சாம்பல் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் மணல்.

நல்ல தூள் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். குருநகரிலோ பாசையூரிலோ மலிவாக வரும் நாளில் சூடை மீன் வாங்குங்கள். காரல் வேண்டாம், முள்தான் மிஞ்சும். உப்புப் போடாமல் 20 நிமிடம் அவித்து, சாக்கில் கட்டிப் பாரம் வைத்துப் பிழிந்து, நிலத்தில் படாமல் வலைத் தட்டில் காயவைத்து அரையுங்கள். அவிப்பதால் பச்சைச் சூடையில் விற்றமின் பி1ஐ அழிக்கும் நொதியமும் போய்விடும். நாலைந்து கிலோ பச்சை மீனுக்கு ஒரு கிலோ தூள் வரும். இந்த விகிதத்தைக் கொண்டு விலையைப் பாருங்கள். சில மாதங்களில் கட்டும், சில மாதங்களில் கட்டாது.

கட்டாத மாதத்தில் மீன் தூளைக் குறைத்துச் சோயாவை ஏற்றுங்கள். 50 கிராம் தாண்டிய மீனுக்கு நூறு கிலோ கலவை ஒன்று: 55 வீத மீன் தூள் 15 கிலோ, 44 வீதச் சோயாப் புண்ணாக்கு 32, எள்ளுப் புண்ணாக்கு 10, தேங்காய்ப் புண்ணாக்கு 10, தவிடு 20, கோதுமை மா 9, எண்ணெய் 2, மொனோ கல்சியம் பொஸ்பேற்று 1, விற்றமின் கனிமக் கலவை 1. புரதம் 31 வீதம் அளவில் நிற்கும். எள்ளு இதில் வெறும் நிரப்பியல்ல. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், சோயாவில் லைசின் நன்றாக இருக்கிறது, மெதியோனின் குறைவு. எள்ளு அதற்குத் தலைகீழ். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். தேங்காய்ப் புண்ணாக்கை மட்டும் நம்பினால் லைசின் பற்றாமல், இருக்கிற மற்றப் புரதமும் வீணாகும்.

முட்டைக் கோழித் தீன்

போடாதீர்கள். புரதம் 16, 18 வீதம்தான், கல்சியமோ 3.5 வீதத்துக்கு மேல்.

சிப்பித் தூள் சேர்ப்பது

கோழி வளர்த்த பழக்கம் இது. எலும்புக்கு நல்லது என்று சிப்பித் தூளும் முட்டைக் கோதும் அரைத்துப் போடுகிறார்கள். மீன் கல்சியத்தைச் செவுளால் தண்ணீரிலிருந்தே எடுக்கும். கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிற நமது கிணற்றுத் தண்ணீரில் அதற்குப் பஞ்சமே இல்லை. தண்ணீரில் கிடைக்காதது பொஸ்பரஸ். அது தீனிலிருந்துதான் வரவேண்டும். தவிட்டிலும் புண்ணாக்கிலும் பொஸ்பரஸ் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள், ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீனால் உடைக்க முடியாத பைற்றேற்று வடிவில் இருக்கும். கூடுதல் கல்சியம் மிச்சத்தையும் கட்டிவைத்துவிடும். மேலே கலவையில் சொன்ன அந்த ஒரு கிலோ பொஸ்பேற்றை விலை பார்த்து வெட்டாதீர்கள். வெட்டினால் செவுள் மூடி சுருங்கியும் எலும்பு வளைந்தும் மீன் வரும், பசியும் குறையும்.

பச்சைச் சோயா

முழுச் சோயா அவரையை வாங்கிப் பச்சையாக அரைத்துப் போட்டால், புரதத்தைச் செரிக்கும் நொதியத்தை அதுவே தடுக்கும். நன்றாக அவித்தோ உள்ளே வேகும்வரை வறுத்தோ அரையுங்கள். கருக விட்டால் லைசின் போய்விடும். வெந்ததா என்று பார்க்க மேலே சொன்ன போத்தல் சோதனையைத் திருப்பிச் செய்யலாம்: வறுத்த மாவோடு ஒரு சிட்டிகை யூரியா போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து மூடிவையுங்கள். மணம் வந்தால் இன்னும் வேகவில்லை.

தவிடு

புழுங்கல் நெல்லுத் தவிட்டைக் கேட்டு வாங்குங்கள். பச்சை நெல்லுத் தவிடு சில நாளிலேயே காறும். அது மட்டும்தான் கிடைத்தால் அன்றே வறுத்துவிடுங்கள். தண்ணீரில் தூவி, மிதக்கும் உமி எவ்வளவு என்றும் பாருங்கள்.

கரடுமுரடாக அரைப்பது

இறைச்சி அரைக்கும் மெசினில் பிழிந்த தீன் தண்ணீரில் விழுந்ததும் கரைகிறது என்றால், பசை குறைவென்று மாவைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம் அரைவை. அரை மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துகள் ஒவ்வொன்றும் ஊறி வீங்கித் தீனை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். மில்லில் அரைத்ததை மா அரிக்கும் அரிதட்டில் போட்டு, மேலே நிற்பதைத் திரும்ப அரையுங்கள். பிறகு 100 கிலோவுக்கு 35 முதல் 40 லீற்றர் தண்ணீர் எடுத்து, அந்தத் தண்ணீரிலேயே கோதுமை மா முழுவதையும் கூழாகக் காய்ச்சிக் கலக்குங்கள். பச்சை மா ஒட்டாது, வெந்த மாதான் ஒட்டும். காய்ந்த தீன் ஒன்றைக் கிளாஸ் தண்ணீரில் போட்டால் அரை மணி நேரம் உருக்குலையாமல் கிடக்கவேண்டும். இந்த மெசினில் மிதக்கும் தீன் வராது. ஆகவே தொட்டிக்குள் ஒரு தட்டை இறக்கி அதில் போடுங்கள், மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும்.

விற்றமினைக் கூழோடு காய்ச்சுவது

கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் விற்றமின் சேர்க்கவேண்டும். சாதாரண விற்றமின் சி காயவைக்கும்போதே பெரும்பகுதி அழிந்துவிடும். பொஸ்பேற்றோடு பிணைத்த வகையைக் கேட்டு வாங்குங்கள். முள்ளந்தண்டு கோணிய குஞ்சுகள் கூடி வந்தால், இனத்தைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

வெயிலில் காயவைப்பது

நிழலில், காற்றோட்டத்தில்.

விடிந்ததும் தீன் போடுவது

தோட்ட வேலைக்குப் போகுமுன் ஐந்தரைக்குத் தீனை எறிந்துவிட்டுப் போகிறவர்கள் பலர். தொட்டியில் ஒட்சிசன் ஆகக் குறைந்திருக்கும் நேரம் அது. லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ் மீன் சரியாகத் தின்னாது, தின்றாலும் செரிக்கச் சிரமப்படும். முதல் தீன் எட்டு, ஒன்பது மணிக்கு. மார்கழி, தையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும் நாட்களில் இன்னும் பிந்தி, அளவையும் குறைத்துப் போடுங்கள்.

அளவை நிறுத்துப் போடவேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை முப்பது மீனைப் பிடித்து நிறுத்துச் சராசரி எடுங்கள். 20 கிராம் மீனுக்கு உடல் நிறையில் 5 வீதம், 100 கிராமுக்கு 3, 250 கிராமுக்கு 2 என்று இறங்கவேண்டும். 30 வீதப் புரதத் தீன் ஒரு கிலோவில் 48 கிராம் நைதரசன் இருக்கிறது. நல்ல தீனிலேயே மூன்றில் ஒரு பங்குதான் மீனுக்குள் நிற்கும். மிச்சம் 30 கிராமுக்கு மேல், பெரும்பாலும் அமோனியாவாகத் தண்ணீருக்கு வரும். 10,000 லீற்றர் தொட்டிக்கு நாளுக்கு ஒரு கிலோ தீன் போட்டால், அது ஒரு நாளைக்கு லீற்றருக்கு 3 மில்லிகிராம். பாசி பிடித்த தொட்டியில் பின்னேரம், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 9க்கு ஏறும். 30 பாகைச் சூட்டில் அந்த அமோனியாவில் நாற்பது வீதத்துக்கு மேல் நச்சு வடிவில் இருக்கும். 7.5இல் அது 3 வீதம்கூட வராது. பின்னேரத் தீனைப் போடுமுன் பி.எச். பாருங்கள். 9 காட்டினால் அன்றைக்கு அந்த வேளைத் தீனை விட்டுவிட்டு, தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை வாழைக்குத் திறந்துவிடுங்கள்.