வெவ்வேறு விளையாட்டுகளின் வீரர்களை ஒப்பிட்டு வாதிடுவது எப்படி

உலகின் மிகச் சிறந்த விளையாட்டு வீரர் யார் என்ற பேச்சு எழுந்தவுடன் ஒருவர் டான் பிராட்மேன் என்பார், இன்னொருவர் உசைன் போல்ட் என்பார், மூன்றாமவர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் பதக்கங்களை எண்ணத் தொடங்குவார். சிறிது நேரத்தில் வாதம் குரலை உயர்த்தும் போட்டியாகிவிடும். மூவரும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைச் சொல்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பெயர்களைப் பேசுவதற்கு முன்பாகக் கேள்வியைப் பிரித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

‘சிறந்தவர்’ என்று எதைக் கருதிச் சொல்கிறோம்? தம் விளையாட்டில் சமகாலத்தவரைவிட மிக அதிக தூரம் முன்னே நின்றவரையா, பல விளையாட்டுகளில் ஒருசேரச் சிறந்தவரையா, நெடுங்காலம் தோல்வியின்றி இருந்தவரையா, விளையாட்டுக்கு வெளியேயும் உலகை அசைத்தவரையா? இரண்டாவது கேள்விக்கு, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லான், பத்துப் போட்டிகள் கொண்ட டெகத்லான் இரண்டிலும் வென்று, பிறகு அமெரிக்கக் கால்பந்தையும் பேஸ்பாலையும் தொழில்முறையில் ஆடிய ஜிம் தார்ப் வலுவான விடை. 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கமும், உயரம் தாண்டுதலில் வெள்ளியும் பெற்று, பின்னர் கோல்ஃபில் 10 முதன்மைப் பட்டங்களை வென்ற பேப் டிட்ரிக்சன் அவருக்குச் சற்றும் குறைந்தவர் அல்லர். நான்காவது கேள்விக்கு முகமது அலியைத் தள்ளிவைத்து யாரும் விடை சொல்ல முடியாது. ஆனால் தார்ப்புக்கான சான்றுகளைக் கொண்டு அலியை வீழ்த்த முயல்வது வீண் வேலை.

கேள்வி முடிவானதும், அளவுகோலை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பெயரை அதற்குப் பிறகே சொல்ல வேண்டும். இந்த வரிசை மிகவும் முக்கியமானது. முதலில் மனத்துக்குப் பிடித்தவரைத் தேர்ந்துவிட்டு, பிறகு அவருக்குப் பொருந்தும் அளவுகோலைத் தேடுவதே இத்தகைய வாதங்களின் மிகப் பொதுவான பிழை. அளவுகோலை நேர்மையாகத்தான் வைத்திருக்கிறோமா என்று அறிய ஒரு வழி உண்டு: அதே அளவுகோலின்படி நமக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒருவர் முந்தினால், அந்த முடிவை ஏற்போமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

பதக்க எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். ஃபெல்ப்ஸ் வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் 28, அவற்றுள் தங்கம் 23. 2008 பெய்ஜிங்கில் மட்டும் 8 தங்கம். இது மாபெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் நீச்சலில் ஒரே வீரர் பல பாணிகளிலும், பல தூரங்களிலும், தொடர் நீச்சல்களிலும் ஒரே ஒலிம்பிக்கில் போட்டியிட முடியும். கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் அலெக்சாண்டர் கரேலினால் ஓர் ஒலிம்பிக்கில் ஒரு பதக்கத்துக்கு மேல் வெல்லவே முடியாது; 1988, 1992, 1996 ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக்குகளில் ஹாக்கித் தங்கம் வென்ற தியான் சந்துக்கும் அதே எல்லைதான் இருந்தது. எனவே எத்தனை பதக்கம் என்று கேட்பதோடு நில்லாமல், வெல்லக்கூடியதாக இருந்தவற்றில் எவ்வளவை வென்றார் என்றும் கேட்க வேண்டும்.

விளையாட்டுகளைத் தாண்டி ஒப்பிடுவதற்கு என் கருத்தில் மிகச் சிறந்த கருவி, சமகாலத்தவருக்கும் அந்த வீரருக்கும் இடையிலான இடைவெளிதான். கிரிக்கெட்டில் பிராட்மேன் 52 டெஸ்ட் போட்டிகளில் 6996 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய சராசரி 99.94. நீண்ட காலம் ஆடிய பிற பேட்ஸ்மேன்களுக்குச் சராசரி 60-ஐ நெருங்குவதே அரிது. ஐஸ் ஹாக்கியில் வேய்ன் கிரெட்ஸ்கியின் கணக்கும் இதைப் போன்றதே: வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான என்எச்எல்லில் அவர் பெற்ற புள்ளிகள் 2857. அவற்றில் அவரே அடித்த கோல்களையெல்லாம் நீக்கிவிட்டு, பிறர் கோல் அடிக்க உதவியதற்கான 1963 புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டாலும், வேறு எந்த வீரரின் மொத்தப் புள்ளிகளும் அதை எட்டவில்லை.

ஓட்டத்தையும் கோலையும் நேரடியாக ஒப்பிட முடியாது என்பதால், புள்ளியியலார் திட்ட விலக்கம் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு துறையில் உள்ளவர்களின் எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதை அது காட்டும். குறிப்பிட்ட வீரர் அந்தப் பரவலில் எத்தனை விலக்கம் மேலே நிற்கிறார் என்று கணக்கிட்டால், அலகு எதுவானாலும் ஒரே தராசில் வைக்கலாம். ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் சார்லஸ் டேவிஸ் இவ்வாறு கணக்கிட்டபோது, பிராட்மேனின் பேட்டிங் சராசரி 4.4 விலக்கம் மேலே நின்றது. கால்பந்தில் பெலே 3.7, பேஸ்பாலில் டை காப் 3.6, கோல்ஃபில் ஜாக் நிக்லாஸ் 3.5, கூடைப்பந்தில் மைக்கேல் ஜோர்டான் 3.4 என்று வந்தார்கள். இந்தக் கருவியின் பெரும் பயன், ஆண் பெண் ஒப்பீட்டையும் அது நேர்மையாக்குகிறது என்பது. நேரத்தையும் எடையையும் வைத்து வீராங்கனைகளை ஒதுக்கிவிடும் வாதம் இங்கே செல்லாது. ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு முறை உலகச் சாம்பியன்ஷிப்பின் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்ற சிமோன் பைல்ஸை அவருடன் மோதியவர்களோடு ஒப்பிட வேண்டும். ஆண்களோடு ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை.

ஆனாலும் இடைவெளியை மட்டும் நம்பி வாதத்தை முடித்துவிடக் கூடாது. முதலாவதாக, எந்த எண்ணைத் தேர்ந்தோம் என்பதே முடிவைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. கோல்களை எண்ணினால் கோல்கீப்பர் எவரும் பட்டியலில் வரப்போவதில்லை. குத்துச்சண்டையின் சாரத்தைச் சொல்லும் ஒற்றை எண் என்று எதுவுமே இல்லை. இரண்டாவதும் முதன்மையானதும் இதுதான்: போட்டியிடுவோர் தொகை சிறிதாகவும் அதற்கான வாய்ப்பு சிலருக்கே உரியதாகவும் இருக்கும்போது பெரிய இடைவெளி எளிதில் உண்டாகும், உலகம் முழுவதும் போட்டியிடும் விளையாட்டில் உச்சியில் இருப்போர் நெருங்கியே நிற்பார்கள். பிராட்மேன் ஆடிய 52 டெஸ்ட்களில் 37 இங்கிலாந்துக்கு எதிரானவை. மீதமுள்ளவை மூன்றே அணிகளுக்கு எதிராக. டை காப் ஆடிய காலத்தில் அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமே இல்லை. அந்தத் தடையை ஜாக்கி ராபின்சன் உடைத்தது 1947-இல்தான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் 1984-இல்தான் தொடங்கியது. யாரெல்லாம் களத்துக்கு வரவே அனுமதிக்கப்படவில்லை என்ற கேள்வியை ஒவ்வொரு பெயருக்கும் கேட்க வேண்டும். இதனால் அந்த வீரரின் உழைப்பு குறைந்துவிடாது. நாம் எவருடன் ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாகும், அவ்வளவே.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 100 மீட்டர் ஓட்டம். 2008 இறுதிப் போட்டியில் போல்ட் 9.69 விநாடியில் ஓடினார், இரண்டாமவர் 9.89. விநாடியில் ஐந்திலொரு பங்குதான் வேறுபாடு. ஆனால் நூறிலொரு பங்கு விநாடியில் பதக்கங்கள் கைமாறும் ஒரு போட்டியில், கருவியோ செலவோ இல்லாமல் எந்தக் குழந்தையும் ஓடிப் பார்க்கக்கூடிய ஒரு விளையாட்டில், அந்தச் சிறிய இடைவெளிக்கு இருக்கும் எடையே வேறு.

காலங்களைத் தாண்டி ஒப்பிடும்போது கடிகாரத்தையும் அளவு நாடாவையும் நேரடியாக நம்பக் கூடாது. 1936 பெர்லினில் ஜெசி ஓவன்ஸ் 100 மீட்டரை 10.3 விநாடியில் வென்றார். அவர் ஓடியது சாம்பல் கழிவு பரப்பிய தடத்தில், காலூன்றத் தாமே தோண்டிய குழிகளிலிருந்து. ஒலிம்பிக்கில் தொடக்கக் கட்டைகள் அனுமதிக்கப்பட்டது 1948-இல்தான். நீச்சலில், மிதக்கவும் வழுக்கிச் செல்லவும் உதவும் பாலியூரித்தேன் உடைகள் பரவிய 2009-இல் ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் மட்டும் 43 உலக சாதனைகள் முறியடிக்கப்பட்டன; 2010 முதல் அவ்வுடைகள் தடை செய்யப்பட்டன. இவற்றுக்கெல்லாம் மருந்து, ஒரே நாளில் ஒரே களத்தில் இருந்த பிறரைப் பார்ப்பதே. 1968-இல் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கின் நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியதற்கு அந்நகரின் உயரமும் மெல்லிய காற்றும் உதவின என்று எதிர்வாதம் வரும். உதவியது உண்மைதான். ஆனால் அதே காற்றில் தாண்டி வெள்ளி வென்றவர் எட்டிய தூரம் 8.19 மீட்டர்.

உச்சமா, நீடிப்பா என்பதில் ஒரு நிலைப்பாட்டை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. பீமனுக்கு அந்த ஒரு தாவல். எட்வின் மோசஸுக்கு 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 1977 முதல் 1987 வரை தொடர்ந்து 122 வெற்றிகள். டென்னிஸில் செரீனா வில்லியம்ஸுக்கு 1999 முதல் 2017 வரை பரவிய 23 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள். நான் நீடிப்புக்கே அதிக மதிப்பளிப்பேன், ஏனெனில் எதிராளிகள் ஒருவரை ஆராய்ந்து பதில் தந்திரங்களைக் கண்டுபிடித்த பிறகும் வெல்வது வேறு வகையான வலிமை. இழந்த ஆண்டுகளைப் பற்றியும் இங்கே பேச்சு வரும். டென்னிஸ் வீரர் ராட் லேவர் தொழில்முறை ஆட்டக்காரரானதால், அப்போது தொழில்முறையல்லாதவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் 1963 முதல் 1967 வரை ஆட முடியவில்லை; அலியின் பட்டம் 1967-இல் பறிக்கப்பட்டு மூன்றரை ஆண்டுகள் அவர் களத்துக்கு வெளியே இருந்தார். ஆடியிருந்தால் இத்தனை வென்றிருப்பார் என்று கற்பனைப் பட்டங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதே வேளையில், ஆடாத ஆண்டுகளைத் தோல்வி போல நடத்துவதும் அநீதி.

குழு விளையாட்டுகளில் கோப்பைகளை ஒருவரின் சொந்தச் சொத்தாக எண்ணாதீர்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் பில் ரஸலுக்கு 11 பட்டங்கள், ஜோர்டானுக்கு 6. இந்த எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் ஜோர்டானைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. பெலே மூன்று உலகக் கோப்பைகள் வென்றவர் என்பது உண்மை. 1962-இல் அவர் இரண்டாவது ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேறினார், அந்தக் கோப்பையைத் தோளில் சுமந்தவர் அவருடைய அணித்தோழர் கரிஞ்சா என்பதும் உண்மை.

எண்களைச் சொல்வதற்கு முன் அவை இன்றைய நிலையில் சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பதிவேடுகள் பின்னாளில் மாறுகின்றன. போல்ட்டின் ஒலிம்பிக் தங்கம் ஒன்பது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். 2008 தொடர் ஓட்டத்தில் உடன் ஓடியவரின் ஊக்கமருந்துக் குற்றத்தால் 2017-இல் அது எட்டானது. சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்கள் ஊக்கமருந்துக் குற்றத்தால் 2012-இல் நீக்கப்பட்டன. 1913-இல் தார்ப்பிடமிருந்து பறிக்கப்பட்ட வெற்றிகள் 1982-இல் இணை வெற்றியாகத் திரும்பின. தனி வெற்றியாளர் என்ற இடம் 2022-இல்தான் கிடைத்தது. தம் குற்றத்தால் இழந்தது, பிறர் குற்றத்தால் இழந்தது, அநீதியாகப் பறிக்கப்பட்டது ஆகிய மூன்றும் ஒன்றல்ல.

ஒரே பெயரைச் சொல்லியாக வேண்டுமென்றால், இடைவெளியைப் போட்டியின் பரப்போடு சேர்த்து எடைபோடும் என் அளவுகோலின்படி நான் போல்ட்டையே சொல்வேன்: 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்குகளிலும் 100, 200 மீட்டர் இரண்டையும் வென்றவர், 2009-இல் பெர்லினில் 9.58, 19.19 என்று இரு உலக சாதனைகளைப் படைத்தவர். இதற்கு எதிராக வரக்கூடிய மிக வலுவான வாதம் பிராட்மேனின் 4.4 அல்ல. நேராக ஓடுவது ஒரே ஒரு திறனைத்தான் சோதிக்கிறது. எதிராளியின் எண்ணத்தைப் படித்து நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டிய குத்துச்சண்டையையோ டென்னிஸையோ போன்ற விளையாட்டில் நெடுங்காலம் உச்சியில் நிற்பது அதைவிடக் கடினமானது என்பதுதான் அந்த வாதம். செரீனாவையோ அலியையோ முன்வைக்க விரும்புபவர் அங்கிருந்து தொடங்கலாம்.