பச்சிளம் பிறைக்கொடி: துணி வெட்டுவது முதல் கம்பத்தில் ஏற்றுவது வரை

பச்சைத் துணி, வெள்ளைப் பிறை, ஐந்து முனை நட்சத்திரம். இந்த மூன்றை மட்டும் சொல்லித் தையல் கடையில் ஆர்டர் கொடுத்தால் என்ன கொடி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அது மூன்று வெவ்வேறு கொடிகளில் ஒன்றாகிவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் முஸ்லிம் லீக்கின் பிரைமரி எனும் ஊர்க் கிளைக்காகக் கொடி தைக்கக் கொடுப்பவர்களும் தைப்பவர்களும் துணியில் கத்தரி வைக்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

1906 டிசம்பர் 30-ல் டாக்காவில் தோன்றிய அகில இந்திய முஸ்லிம் லீக்கின் கொடி முழுப் பச்சை. அதில் பிறையும் நட்சத்திரமும் நட்டநடுவில் இருந்தன. 1947 ஆகஸ்ட் 11-ல் பாகிஸ்தான் ஏற்ற தேசியக் கொடியில் கம்பத்தை ஒட்டி நீளத்தில் கால் பங்குக்கு வெள்ளைப் பட்டை வரும். மீதி முக்கால் பங்கு கரும்பச்சை, அதன் நடுவில் பிறை. நம் தாய்ச்சபையான இந்திய யூனியன் முஸ்லிம் லீக், 1948 மார்ச் 10-ல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் தலைமையில் உருவானது. இதன் கொடியில் வெள்ளைப் பட்டை கிடையாது. பிறையும் நட்சத்திரமும் கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் இருக்கும். 'பச்சிளம் பிறைக்கொடி' என்று மேடைகளில் சொல்வது இதைத்தான்.

மூலையில் இருக்க வேண்டிய பிறையை 'பார்க்க அழகாக இருக்கும்' என்று தையல்காரர் நடுவுக்கு நகர்த்தினால் 1947-க்கு முந்தைய கொடி வந்துவிடும். கம்பு நுழையும் பையைப் பச்சைத் துணி போதாமல் வெள்ளைத் துணியில் தைத்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வேறு நாட்டின் கொடியாகத் தெரியும். 2019 ஏப்ரலில் வயநாட்டில் ராகுல் காந்தி வேட்புமனு தாக்கல் செய்தபோது அங்கே பறந்த லீக் கொடிகளைப் பாகிஸ்தான் கொடி என்று சொல்லிப் படங்கள் நாடெங்கும் பரப்பப்பட்டன. சரியாகத் தைத்த கொடிக்கே அந்த நிலை. அதனால் நம் கையால் ஒரு பிழையும் சேரக் கூடாது. கம்புப் பை, ஓரத்தையல், நூல் எல்லாமே பச்சையாக இருக்கட்டும். வெள்ளை என்பது பிறையிலும் நட்சத்திரத்திலும் மட்டுமே.

தர்கா கந்தூரிக்கும் சந்தனக்கூட்டுக்கும் ஏற்றும் பச்சைக் கொடி, மீலாது விழாத் தோரணம், கலிமா எழுதிய கொடி ஆகியவை கட்சிக் கொடிகள் அல்ல. இரண்டையும் ஒரே கடையில் ஒரே வாரத்தில் தைக்கும்போது அச்சுச் சட்டம் மாறிவிடும். சட்டத்தின் மேல் பெயர் எழுதி வையுங்கள். கட்சிக் கொடியில் அரபி எழுத்து எதுவும் வராது.

துணி

மூன்றடிக்கு இரண்டடிக் கொடிக்கு காட்டன் பாப்ளின் நன்றாக இருக்கும். நிரந்தரக் கம்பத்துக்கு பாலியஸ்டர் நல்லது, மழையில் கனக்காது, சீக்கிரம் காயும். பச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது பாட்டில் பச்சைப் பக்கம் போகாதீர்கள், கரும்பச்சை மேலே சொன்ன அந்த இன்னொரு கொடியின் நிறம். தெளிந்த இலைப்பச்சையே பொருந்தும். கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல் துண்டை வெளியே எடுத்துப் போய் வெயிலில் பாருங்கள். மஞ்சளும் நீலமும் கலந்து சாயமிட்ட பச்சையில் ஒரு சாயம் முன்னதாக வெளுத்தால் கொடி நீலம் தட்டியோ மஞ்சளித்தோ போகும். வேலூர் வெயில் இதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்ளாது. வெயில் தாங்கும் சாயமா என்று மொத்தக் கடையில் கேட்டு வாங்குங்கள். ஓர் ஆர்டருக்கு வேண்டிய துணி முழுவதையும் ஒரே தானிலிருந்து (துணிச் சுருளிலிருந்து) எடுப்பது முக்கியம். தான் மாறினால் பத்துக் கொடியும் பத்து நிறமாகத் தெரியும்.

காட்டன் என்றால் வெட்டும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் மழையில் பச்சைத்துணி சுருங்கும், மேலே தைத்த வெள்ளைத்துணி சுருங்காது, பிறை குமிழ் போல எழும்பி நிற்கும். வெள்ளைத்துணியையும் அதேபோல் ஊறவையுங்கள். பச்சைச் சாயம் இறங்குகிறதா என்பதும் இந்த ஊறலில் தெரிந்துவிடும். தண்ணீர் பச்சையானால் அந்தத் துணி வேண்டாம், பிறையும் பச்சை குடிக்கும்.

வெட்டும் கணக்கு

தைத்து முடித்த கொடி 36 அங்குலத்துக்கு 24 அங்குலம் இருக்க வேண்டும். மேல், கீழ், வீச்சு (கம்பத்துக்கு எதிர்ப்பக்கம், காற்றில் அடிபடுவது) ஓரங்களுக்கு அரை அங்குலம் இரண்டு மடிப்பு, ஓரத்துக்கு ஓர் அங்குலம். கம்புப் பக்கம் ஓர் அங்குலக் கம்பு தாராளமாக நுழைய 2 அங்குலப் பையும் உள்மடிப்புக்கு அரை அங்குலமும் வேண்டும். ஆக வெட்டும் நீளம் 39½ அங்குலம், உயரம் 26 அங்குலம். 44 அங்குல பன்னா (அகலம்) துணியில் நீளத்தைப் பன்னாவின் குறுக்கே வைத்தால் 4½ அங்குலம்தான் வீண். பத்துக் கொடிக்கு 260 அங்குலம், அதாவது 6.6 மீட்டர். சுருக்கத்தையும் சேர்த்து 7 மீட்டர் வாங்குங்கள். அதே கொடியை 36 பன்னாவில் வெட்டினால் ஒவ்வொன்றிலும் 10 அங்குலப் பட்டை மிஞ்சிப்போகும்.

ஆறடிக்கு நான்கடிக் கொடிக்கு 58 பன்னா தேடுங்கள். கிடைக்காமல் ஒட்டுப் போட நேர்ந்தால் ஒட்டு கொடியின் கீழ்ப்பாதியில் வரட்டும். பிறையின் அடியில் ஒட்டு ஓடினால் அங்கே துணி எப்போதும் சுருக்கம் காட்டும்.

பிறை வரைதல்

கையால் வரைந்த பிறை கத்தரிக்காய் மாதிரி வரும். காம்பஸ் இல்லாவிட்டால் ஆணியும் நூலும் போதும். மூன்றடிக் கொடிக்கு இது பட்டறைக் கணக்கு: கெட்டி அட்டையில் 3½ அங்குல ஆரத்தில் ஒரு வட்டம். அதன் மையத்திலிருந்து வாய் திறக்கும் திசையில் ஓர் அங்குலம் தள்ளிப் புள்ளி வைத்து 2⅞ அங்குல ஆரத்தில் இரண்டாவது வட்டம். இரண்டாம் வட்டம் விழுங்கிய பகுதியை வெட்டி எடுத்தால் மிஞ்சுவது பிறை. முதுகில் 1⅝ அங்குலத் தடிமன், கொம்புகளுக்கு நடுவே ஏறக்குறைய 5 அங்குல இடைவெளி கிடைக்கும்.

அந்த ஓர் அங்குலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு ஆரங்களுக்கும் உள்ள வித்தியாசம் ⅝ அங்குலம். மையத்தை அதற்குக் குறைவாக நகர்த்தினால் கொம்புகள் சேர்ந்து வளையல் ஆகிவிடும். இரண்டு அங்குலம் நகர்த்தினால் பிறை உடல் பருத்து, பாதி நிலாவாகிவிடும். பெரிய கொடிக்கும் சின்னக் கொடிக்கும் எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

நட்சத்திரத்துக்கு 1¼ அங்குல ஆரத்தில் வட்டம் போட்டு, கோணமானியில் 72 பாகைக்கு ஒரு புள்ளியாக ஐந்து வைத்து, ஒன்று விட்டு ஒன்றைக் கோட்டால் இணையுங்கள். அதன் மையம் பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து வாய்ப் பக்கமாக 2¼ அங்குலத்தில் நிற்கட்டும். ஆறு முனை, எட்டு முனை எதுவும் இங்கே பொருந்தாது. நம் ஊர்க் கடைகளில் 'சாந்த்-தாரா' (பிறை-நட்சத்திரம்) என்று சொன்னாலே தையல்காரருக்குப் புரிந்துவிடும், ஆனால் அவர் கையிலுள்ள பழைய அட்டை எந்தக் கொடிக்கானது என்று கேட்டுவிடுங்கள்.

இடம் வைப்பது: பெரிய வட்டத்தின் மையம் கம்பு ஓரத்திலிருந்து 9 அங்குலத்திலும் மேல் ஓரத்திலிருந்து 6½ அங்குலத்திலும் வரட்டும். இந்த அளவுகள் தைத்து முடித்த ஓரத்திலிருந்து எடுப்பவை. மடிப்பதற்கு முன் துணி ஓரத்திலிருந்து அளந்தால் பிறை கம்பத்துக்குள் ஒதுங்கிவிடும். பிறையின் முதுகு கம்பத்தைப் பார்க்க, வாய் காற்றுப் பக்கம் திறந்திருக்கும். சாய்வு எவ்வளவு என்பதற்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு மாதிரிக் கொடியை வாங்கி அதன் மேல் அட்டையை வைத்துப் பார்ப்பதே பிழையற்ற வழி.

தைப்பது, அச்சிடுவது

தைப்பதானால் வெள்ளைத்துணியின் பின்புறம் காலருக்கு வைக்கும் ஃப்யூசிங் துணியை இஸ்திரியால் ஒட்டிவிட்டு வெட்டுங்கள். நட்சத்திர முனையில் நூல் பிரியாது. நெருக்கமான ஜிக்ஜாக் தையல், 14-ஆம் எண் ஊசி. ஃப்யூசிங் தடித்தால் 16. முனைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். ஓட்டத்திலேயே திருப்பினால் முனை மழுங்கும்.

பின்பக்கத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கொடியின் மறுபுறத்திலும் பிறை கம்பத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அதாவது மறுபுறம் கண்ணாடிப் பிம்பம். ஒரே அட்டையைத் திருப்பாமல் இரண்டு பக்கமும் வைத்தால் ஒரு பக்கத்தில் பிறையின் வாய் கம்பத்தைப் பார்க்கும். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் இதற்காக இரண்டாவது ஃபிலிம் எடுக்க வேண்டும். பச்சையின் மேல் வெள்ளை எடுப்பாக வர காதி வெள்ளை பேஸ்ட் பயன்படுத்துங்கள். ஒரு பூச்சு உலர்ந்தபின் இன்னொன்று. தண்ணீர் ஊற்றி இளக்கினால் பச்சை ஊடே தெரிந்து பிறை பாசி பிடித்ததுபோல் இருக்கும். உலர்ந்தபின் மறுபுறத்திலிருந்து சூடான இஸ்திரி போடாவிட்டால் முதல் துவையலில் உதிரும்.

கையில் பிடிக்கும் 9-க்கு 6 அங்குலக் கொடியில் எல்லாம் கால் பங்காகக் குறையும். நட்சத்திரம் ⅝ அங்குல அகலமாகச் சிறுத்து மையில் அடைத்துக்கொள்ளும். அதை மட்டும் முக்கால் அங்குலமாக்கலாம், மேலே சொன்ன விகித விதிக்கு இது ஒன்றே விலக்கு. நூலில் தொங்கும் தோரணத்துக்குக் கொடிப் படத்தைச் சாய்த்து அச்சடிக்காமல், இடது மேல் மூலையில் பிறை நிமிர்ந்து நிற்கும்படி தனிச் சட்டம் செய்யுங்கள்.

ஏணியைக் கொடியில் போடாதீர்கள்

ஏணி தேர்தல் சின்னம், கொடியின் பகுதி அல்ல. கேரளத்தில் மாநிலக் கட்சியாக லீக் அங்கீகாரம் பெற்றிருப்பதால் அங்கே அது ஒதுக்கப்பட்ட சின்னம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுப் பெற வேண்டும். எல்லா முறையும் ஏணியில் நிற்பதும் இல்லை. 2009-ல் வேலூரில் லீக்கின் அப்துல் ரகுமான் உதயசூரியனில் நின்றே வென்றார். ஆகவே சின்னம் முடிவாகும் முன் சுவரிலோ பேனரிலோ ஏணி வரைந்துவிட்டால் வாக்காளரைக் குழப்புவீர்கள், அழிக்கும் செலவும் உங்களுடையது. முடிவானபின் ஆணையப் பட்டியலில் உள்ள படத்தை அப்படியே எடுங்கள்.

பேனரில் மாவட்டப் பெயரையும் சரிபாருங்கள். பழைய வட ஆற்காடு இன்று பல துண்டு. 2019 பிரிவினைக்குப் பிறகு வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டம், மேல்விஷாரம் ராணிப்பேட்டை, குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூர். பழைய ஃபைலைத் திறந்து அச்சடிக்கும் கடைகளில் இன்னமும் 'வேலூர் மாவட்டம், வாணியம்பாடி' வந்துவிடுகிறது.

கம்பம்

கம்ப உயரத்தில் கால் பங்கு கொடி நீளம் என்றால் கண்ணுக்கு அளவாக இருக்கும்: 12 அடிக் கம்பத்துக்கு மூன்றடிக் கொடி, 24 அடிக்கு ஆறடி. பாலாற்று ஓர மணல் தரையில் குழியை ஆழமாக எடுத்து காங்கிரீட் போடாவிட்டால் ஆடிக் காற்றில் சாயும். இரும்புக் குழாயை நிமிர்த்தும் முன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள், கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தொடாத தூரம் வேண்டும். இதில் உயிர் போயிருக்கிறது, அவசரம் வேண்டாம்.

பொது இடங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் உள்ள நிரந்தரக் கட்சிக் கம்பங்களை அகற்றும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. பட்டா நிலத்தில் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு நடுவதே பாதுகாப்பு. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது இருசக்கர வாகனத்தில் ஓரடிக்கு அரையடிக் கொடி ஒன்று மட்டுமே.

குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் அதே வளாகத்தில் தேசியக் கொடி ஏறும். அதற்குச் சமமான உயரத்தில் பக்கத்திலோ, அதைவிட உயரத்திலோ வேறு எந்தக் கொடியும் பறக்கக் கூடாது. அன்றைக்குப் பிறைக்கொடியை முன்னதாகவே இறக்கி மடித்து வைத்துவிடுங்கள்.

தலைவர் மறைவுக்கு அரைக்கம்பத்தில் பறக்கவிடும்போது கொடியை முதலில் உச்சி வரை ஏற்றிப் பின் பாதிக்கு இறக்க வேண்டும். வீச்சு ஓரம்தான் முதலில் கிழியும், அங்கே நான்கு வரி தையல் போட்டால் நாள்பட உழைக்கும். கிழிந்தால் இரண்டு அங்குலம் வெட்டி மறுபடி மடித்துத் தைக்கலாம், பிறை கம்பத்தோரம் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது முறையும் கிழிந்தால் கொடியை மாற்றிவிடுங்கள். அதற்குமேல் வெட்டினால் நீளம் குறைந்து பிறை நடுவில் நிற்பதுபோலத் தோன்றத் தொடங்கும்.