பத்து ரூபாய் பாக்கெட் மளிகைக் கடைக்குப் போய்ச் சேரும் வழி

"வீட்டில் போடும் இட்லிப் பொடியை எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள், கடைகளுக்குப் போடலாமா?" என்று மாதம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். பொடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஏஜென்சி வண்டியில் பல வருடம் லைன் (கடை கடையாகச் சரக்கு போடும் சுற்று) போனவன் என்பதால், கடைக்குப் போகும் வழியைச் சொல்ல முடியும்.

அந்த வழி இதுதான்: கம்பெனி, சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் (பல ஏஜென்சிகளுக்குச் சரக்கைப் பிரித்துக் கொடுப்பவர்), டிஸ்ட்ரிபியூட்டர் (நம் பேச்சில் ஏஜென்சி), பிறகு கடை. பெரிய கம்பெனிகளில் சூப்பர் ஸ்டாக்கிஸ்டுக்கு மேலே சி அண்ட் எஃப் ஏஜென்ட் என்று ஒருவரும் இருப்பார். அவர் குடோனில் இருப்பது கம்பெனியின் சரக்கு. வைத்துக் காத்து, பில் போட்டு அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குகிறார். அவருக்குக் கீழே உள்ள ஒவ்வொருவரும் சொந்தப் பணத்தைப் போட்டுச் சரக்கு எடுக்கிறார்கள். சரக்கு கீழே இறங்க, பணம் மேலே ஏற வேண்டும். அந்தப் பணம் எந்த இடத்தில் தங்குகிறது என்று பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: கடையிலிருந்து பின்னோக்கி விலை போடுங்கள்

அடக்கவிலையில் ஆரம்பித்து மேலே கூட்டிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. எம்ஆர்பியில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள்.

எம்ஆர்பி 10 ரூபாய், எல்லா வரியும் சேர்த்து. கடைக்காரருக்கு அவர் வாங்கும் விலை மேல் 15 சதவீதம் கொடுத்தால் அந்த விலை 8.70. ஏஜென்சிக்கு 8 சதவீதம். அவர் வாங்குவது 8.05. சூப்பர் ஸ்டாக்கிஸ்டுக்கு 4 சதவீதம். அவர் வாங்குவது 7.74. ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று வைத்துக் கழித்தால் உங்கள் கைக்கு வருவது 7.37. பொடி, பாக்கெட், அட்டைப்பெட்டி, லாரி வாடகை, உங்கள் லாபம் எல்லாம் இந்த 7.37-க்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் கிராமைக் குறையுங்கள், அல்லது இந்தத் தொழிலுக்கு வராதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. "15 பர்சன்ட்" என்று ஒருவர் சொன்னால் வாங்கும் விலை மேலா, எம்ஆர்பி மேலா என்று அங்கேயே கேளுங்கள். எம்ஆர்பி மேல் என்றால் கடை விலை 8.50 ஆகிவிடும். பாக்கெட்டுக்கு 20 காசு என்பது பெட்டிக் கணக்கில் சின்ன விஷயமில்லை.

படி 2: முதல் 50 கடைக்கு நீங்களே போங்கள்

எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண், எடை, தயாரித்த தேதி, எம்ஆர்பி, முகவரி எல்லாம் பாக்கெட்டில் இருக்கட்டும். பைக்கில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் ஊரிலேயே 50 கடை ஏறுங்கள். பாக்கெட்டைச் சரமாக ஒட்டிக் கொடுத்தால் கடை வாசலில் தொங்கும். டப்பாவில் போட்டுக் கொடுத்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடும்.

அடுத்த வாரம் அதே கடைகளுக்குப் போங்கள். எத்தனை பேர் திரும்ப எடுக்கிறார்கள் என்று நோட்டில் குறியுங்கள். முதல் தடவை முகத்துக்காக வாங்கியிருப்பார்கள். இரண்டாவது பில்தான் உண்மையான விற்பனை.

சிக் ஷாம்பு கதை இங்கே பொருந்தும். சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கியது. எந்தக் கம்பெனியின் காலி சாஷேயானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார்கள். பழகிய பிறகு சிக் காலி சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். கடைக்காரரைக் கெஞ்சாமல், வாங்குபவரையே கடைக்குப் போய்க் கேட்க வைத்தார்கள்.

படி 3: ஏஜென்சி பிடிப்பது

நோட்டை எடுத்துக்கொண்டு இப்போது ஏஜென்சிக்காரரிடம் போகலாம். அவர் மனதில் ஓடும் கணக்கு இது.

மாதம் 4 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறார். 8 சதவீதத்தில் 32,000 வருகிறது. சேல்ஸ்மேன், டிரைவர், டீசல், குடோன் வாடகையில் அந்தச் சரக்கின் பங்கு 22,000. மிச்சம் 10,000. குடோனில் ஒன்றரை லட்சம், கடைகளில் கடனாக 2 லட்சம், ஆக மூன்றரை லட்சம் முடங்கியிருக்கிறது. நூற்றுக்கு மாதம் 2.86 ரூபாய் வருமானம். "இதை ரெண்டு வட்டிக்கு விட்டிருந்தால் அலையாமலே வருமே" என்று அவர் மனைவி கேட்டால் பதில் சொல்ல முடிகிற அளவுதான் அது.

உங்கள் பொடி ஒன்றை வைத்து அவர் வண்டி ஓடாது. ஏற்கெனவே ஓடும் வண்டியில் ஓர் இடம் கேட்கிறீர்கள், அவ்வளவே. அதனால் அப்பளம், பிஸ்கட், ஊதுபத்தி போல உங்களுக்குப் போட்டியில்லாத சரக்கை அதே மளிகைக் கடைகளுக்குப் போடுபவராகப் பாருங்கள். ஊரிலேயே பெரிய ஏஜென்சியைப் பிடித்தால் பெருமையாக இருக்கும். ஆனால் பெரிய கம்பெனியின் மாதக் கடைசி டார்கெட் வந்ததும் வண்டியிலிருந்து முதலில் இறங்குவது உங்கள் பெட்டிதான்.

நானே ஒரு தடவை சொந்தச் சரக்கு போட்டபோது, ஒரு ஏஜென்சியிடம் பேசிப் பேசி 60 பெட்டி இறக்கிவிட்டு வந்தேன். விற்றுவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். மூன்று மாதம் கழித்து 41 பெட்டி திரும்பி வந்தது, சிலவற்றில் வண்டு. ஏஜென்சிக்குப் போவது பிரைமரி, கடைக்குப் போவது செகண்டரி என்பார்கள். பிரைமரி என்பது சரக்கு குடோன் மாறியது மட்டும்தான்.

படி 4: லைன் பிரிப்பது

திண்டுக்கல் ஏஜென்சி என்று வைத்துக்கொள்வோம். திங்கள் நத்தம் ரோடு, செவ்வாய் வத்தலக்குண்டு, புதன் வேடசந்தூர், இப்படி ஆறு நாளும் ஆறு லைன். நாளுக்கு 40 கடை என்றால் வாரம் 240. எந்தக் கிழமை வண்டி வரும் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் தவறினால் உங்கள் கொக்கியில் வேறு சரம் தொங்கும்.

கடன் விஷயத்தில் பில்லுக்குப் பில் முறையே நல்லது. பழைய பில்லுக்குப் பணம், அப்புறம்தான் புதுச் சரக்கு.

படி 5: ஸ்கீமும் ரிட்டர்னும்

12 வாங்கினால் 1 இலவசம் என்று கொடுத்தால் உங்கள் 7.37 இப்போது 6.80. அதைவிட மோசம், ஸ்கீம் சரக்கு மொத்தமாக மதுரை கீழமாசி வீதி மாதிரி ஹோல்சேல் பக்கம் போய், இலவசத்தையும் விலையில் கழித்து உங்கள் ஏஜென்சியின் ஊருக்கே குறைந்த விலையில் திரும்பி வருவது. ரேட் ஒரு தடவை உடைந்தால் ஏஜென்சிக்காரர் அடுத்த ஆர்டர் போடமாட்டார். சின்னக் கம்பெனிக்கு ஸ்கீம் வேண்டாம் என்பது என் கட்சி.

தேதி முடிந்தது, பாக்கெட் கிழிந்தது யார் கணக்கு என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

சூப்பர் ஸ்டாக்கிஸ்டுக்கு அவசரமில்லை. ஏழெட்டு ஏஜென்சி ஆகி, ஒவ்வொருவருக்கும் பத்துப் பத்துப் பெட்டியாக லாரியில் போடும் செலவு 4 சதவீதத்தைத் தாண்டும் மாதத்தில் அவரைத் தேடுங்கள். அதுவரை அந்த 4 சதவீதம் உங்கள் லாரி வாடகைக்கே இருக்கட்டும்.