புழுவெட்டுக்கு ஸ்டீராய்டு: முடி முளைத்த பிறகுதான் தவறு ஆரம்பிக்கிறது

தலையில் பாதிக்கு மேல் கொட்டி, புருவமும் போன பிறகு தோல் மருத்துவர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார். சில வாரங்களில் பூனைமுடி போல மெல்லிசாக, வெள்ளையாக முளைக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம், 'முளைச்சாச்சே, இனி எதுக்கு மாத்திரை?' என்று நிறுத்திவிடுகிறார்கள்.

இதைவிட ஆபத்தான தவறு இல்லை. புழுவெட்டில் எந்தப் புழுவும் கிடையாது; நம் எதிர்ப்பு சக்தியே முடியின் வேரைத் தாக்குகிறது. ஸ்டீராய்டு அதை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். வாரக்கணக்கில் அதைச் சாப்பிட்டால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, தானாகச் சுரக்கும் கார்டிசோலை, அதாவது உடம்பின் சொந்த ஸ்டீராய்டை, குறைத்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே வினையாகலாம். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தும் பலருக்கு மறுபடி கொட்டும். தொடங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொட்டியதும் டப்பாவில் மிச்சமிருப்பதை எடுத்து விழுங்காதீர்கள்.

ஸ்டீராய்டால் வரும் அடுத்த சிக்கல் இனிப்புநீர். நம் குடும்பங்களில் இது இல்லாத வீடு எங்கே? 'நான் கோப்பி ஓ கோசோங்தான் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) குடிக்கிறேன்' என்பது இங்கே உதவாது. காலையில் மாத்திரை போட்டால் சர்க்கரை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் குத்திப் பாருங்கள். நீண்ட நாள் சாப்பிட்டால் எலும்பு தேய்வதும் கண்புரையும் வரலாம்.

மாத்திரைக்குப் பயந்து பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஜாமு என்ற மூலிகை மருந்து வாங்குபவர்களும் உண்டு. 'வெறும் மூலிகை' என்று விற்றவற்றில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அதுவும் ஸ்டீராய்டுதான், எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாமல். பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பத்துமலையில் மொட்டை போடுங்கள், அது வேண்டுதல், சிகிச்சை அல்ல.

ஒன்றிரண்டு வட்டங்கள்தான் என்றால் மாத்திரை எதற்கு? நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பாதித் தலைக்கு மேல் போனவர்களுக்கு 2022இல் அமெரிக்கா அனுமதித்த பாரிசிட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. விலை கூடுதல், ரத்தப் பரிசோதனையும் தொடர்ந்து வேண்டும். அடுத்த முறை தோல் மருத்துவரைப் பார்க்கும்போது அதைப் பற்றிக் கேளுங்கள்.